கண்ணாடி இல்லாதது

பஸ்மிலா,
சீட்டுக் காசு கிடைத்ததும்
எந்தக் கமரா வாங்கலாமென்று கேட்டாய்.
அளவும் விலையும் கடைக்காரன் சொல்வான்.
நான் என் காலைகளைச் சொல்கிறேன்.

டச் பே. பெரியது என் கழுத்தில்.
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்
என்னைக் கண்டதும் இழுப்பதை விட்டுவிட்டு
இழுப்பவர்களாக நின்றார்கள்.
ஒருவர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார்.
ஒருவர் வயிற்றை எக்கினார்.
“எந்த நிறுவனம் பிள்ளை? எஞ்சின் ஏதும் தருவினமோ?”
இல்லையண்ணை, சும்மா.
“சும்மாவுக்கோ இவ்வளவு பெரிய குழாய்?”

ஆனாலும் அன்றைய படத்தை வந்து பார்.
ஒரு சூடை மீன், அதன் ஒற்றைச் செதில்,
அதில் மூன்று நிறமாய்ப் பிரிந்து கிடக்கிறது வானம்.
கயிற்றில் பிய்ந்த நார்களை எண்ணலாம்.
அந்த அண்ணையின் நகக்கண்ணில் காய்ந்த தாரும் தெரியும்.
எதையும் மன்னிக்காது அது.

இன்னொரு நாள் சின்னது,
கைப்பையில், சாவிக்கும் பனடோலுக்கும் நடுவில்.
பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
லொத்தர் மேசையில் தலையை வைத்து
ஒரு சீட்டை மென்றுகொண்டு நின்றது.
விற்கிறவர் காசு எண்ணுகிற மும்முரம்.
எடுத்தேன். ஒருவரும் திரும்பவில்லை.
ஆனால் ஆமை தலை நீட்டுவதுபோல
அதன் லென்ஸ் வெளியே வருவதற்குள்
மான் பாதி போய்விட்டது.
அரை மான், முழு லொத்தர் மேசை.
இன்றைக்கும் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இருட்டுக்கு அதைக் கொண்டுபோகாதே.
கோணேசர் கோயில் படியில் ஒரு மாலை
விளக்கு வரிசையை எடுத்தேன்.
இரவை உளுத்தம்மாவாய் அரைத்துத் தந்தது.
என் சுண்டுவிரல் நகமளவு சில்லு அதற்குள்,
அதில் எவ்வளவு இரவுதான் கொள்ளும், பாவம்.

பெரியதுக்கும் நோய் உண்டு.
கச்சான் காற்றில், கடற்கரையில் வைத்து
லென்ஸ் மாற்றினேன், புத்தி கெட்டு.
உப்போ மணலோ, ஏதோ ஒரு துகள் உள்ளே போய்க் குந்திவிட்டது.
அன்றிலிருந்து உவர்மலைக்கு மேலும் ஒரு புள்ளி,
நிலாவெளிக்கு மேலும் அதே புள்ளி.
தெரியாதவர்கள் பருந்து என்கிறார்கள்.
நானும் ஆமென்று விடுகிறேன்.

முந்திய பெரிய கமராக்களுக்குள்
ஒரு கண்ணாடி இருந்ததாம்.
ஒவ்வொரு படத்துக்கும் மேலெழும்பி, டக்கென்று விழும்.
இப்போது அதைக் கழற்றிவிட்டார்கள்.
அதனால்தான் பாரம் குறைவு, சத்தமும் இல்லை.
கடைக்காரன் இதை உனக்கு
இரண்டு தரமாவது சொல்வான்.

சரி, கிண்ணியாப் பாலத்தில்
உன்னை எடுத்த இரண்டையும் சொல்லவேண்டும்.
சின்னதில் நீ ஆடிப்போயிருக்கிறாய்.
முக்காட்டு நுனி பறந்து பாதி வாயை மறைக்க
மீதி வாய் சிரிக்கிறது.
மூலையில் இளஞ்சிவப்பாய் என் விரல்.
உன் உம்மா கேட்டது அதைத்தான்.

பெரியதில் நீ அசையவில்லை.
இமை ஒவ்வொன்றும் தனித்தனி.
நேற்றிரவு கணினியில் உன் இடது கண்ணைப்
பெரிதாக்கிக்கொண்டே போனேன்.
கருவிழிக்குள் பாலத்தின் கம்பி வளைந்து கிடக்கிறது,
அதன் நடுவே நான்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கறுப்புப் பெட்டியோடு.

கண்ணாடியைக் கழற்றிவிட்டதாகத்தானே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வராதே, கடை பகலோடு பூட்டு.
சனி காலை வா.
சின்னது வாங்கினால் இன்னொரு பற்றரியும் சேர்த்து வாங்கு.
பெரியது வாங்கினால்
ஒரு கிழமைக்கு ஒன்றும் எடுக்காமல்
கழுத்தில் போட்டபடி சும்மா நட.
மீன்காரரும் மான்களும் அலுத்துப்போகட்டும்.
கடற்படைக்காரன் மறித்தால்
எடுத்ததெல்லாம் பருந்து என்று சொல்.